தேய்ப்பு மெஷினைக் கொஞ்சம் கீழே வையுங்கள்: பழைய ஐரிஷ் ரயில் பெட்டிகளைப் புதுப்பிக்க வருகிறவர்களுக்கு

போன மாதம் எங்கள் கொட்டகைக்குப் புதிதாக இரண்டு இளைஞர்கள் வந்தார்கள். நல்ல உழைப்பாளிகள். நான் சாப்பிட்டுவிட்டுத் திரும்புவதற்குள் ஒரு பெட்டியின் கதவைத் தகரம் பளபளக்கத் தேய்த்து வைத்திருந்தார்கள். அதைப் பார்த்ததும் வயிற்றைப் பிசைந்தது. 15 வருஷத்துக்கு முன்னால், அயர்லாந்தில் இந்த வேலைக்குத் தன்னார்வலராக வந்த முதல் கோடையில், நானும் இதையேதான் செய்தேன்.

கையுறை போடுங்கள், பெட்டிக்கு அடியில் போகும்முன் சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள் என்பதையெல்லாம் முதல் நாளே சொல்லிவிடுவார்கள். யாரும் சொல்லாமல் விடுகிற, புதியவர்கள் செய்கிற தவறுகளை மட்டும் எழுதுகிறேன்.

பழைய பூச்சைப் படிக்காமல் தேய்த்துத் தள்ளுவது

1950களின் தொடக்கத்தில் கட்டிய ஒரு சி.ஐ.இ. (அயர்லாந்தின் அரசு போக்குவரத்து நிறுவனம்) பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். அடியில் அடர்பச்சை இருக்கும். அதன் மேல் 1955 வாக்கில் வந்த வெளிர்பச்சை. 1962இலிருந்து கறுப்பும் பொன்பழுப்பும். அப்புறம் 1972இல் ‘சூப்பர் டிரெய்ன்’ பெட்டிகளோடு வந்த ஆரஞ்சும் கறுப்பும். ஏ வகுப்பு டீசல் இன்ஜின்கள் 1955இல் வந்தபோது வெள்ளி நிறம். சீக்கிரமே அழுக்கேறி அசிங்கமானதால் பச்சைக்கு மாற்றினார்கள். இத்தனையும் ஒரு மில்லிமீட்டர் தடிமனுக்குள் அடங்கிவிடும்.

நான் தேய்த்தது அப்படி ஒரு பெட்டியின் கீழ்ப் பலகையை. ஆரஞ்சு போனது, பொன்பழுப்பு போனது, இரண்டு பச்சையும் தூசியாகப் பறந்தன. சாயங்காலம் அங்கே இருந்த பெரியவர் ஒருவர் வந்து பார்த்தார். திட்டவில்லை. “அடியில் இருந்தது எந்தப் பச்சை?” என்று மட்டும் கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

பழைய படங்களைத் தேடினோம். பாதிக்கு மேல் கறுப்பு வெள்ளை. வண்ண ஸ்லைடுகளோ, நாள்பட்டதில் சில சிவப்பேறியும் சில நீலமேறியும் கிடந்தன. ஒரே பெட்டி மூன்று படத்தில் மூன்று பச்சை. கடைசியில் உத்தேசமாக ஒரு பச்சையைக் கலந்து ஒரு பக்கம் முழுக்கப் பூசி முடித்தோம். அடுத்த வசந்தத்தில் ஒரு விளக்குத் தாங்கியைக் கழற்றினால், அதன் அடியில் கட்டைவிரல் அகலத்துக்கு அசல் பச்சை இருக்கிறது! நாங்கள் அடித்ததைவிட நன்றாகவே கருமை. ஒரு குளிர்காலத்து வேலையும் அத்தனை டப்பா பெயின்ட்டும் வீண். அந்தப் பக்கத்தை முழுக்கத் திரும்பப் பூசினோம்.

இன்னொரு பெட்டியில் ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். ஏ வகுப்பில் 60 இன்ஜின்கள் இருந்தன. இன்று மிஞ்சியவை 4. சி வகுப்பு டீசல் இன்ஜின்களில் 34க்கு ஒருசிலதான். மற்றதெல்லாம் காயலான் கடைக்குப் போய்விட்டன. பெட்டிகளின் கதையும் இதேதான். உங்கள் முன்னால் நிற்கிற பெட்டிதான் பல நேரம் கடைசிச் சாட்சி.

சரி, எப்படிச் செய்வது? வெயிலும் மழையும் அதிகம் படாத இடமாகப் பாருங்கள்: கைப்பிடித் தகட்டுக்கு அடியில், கூரை விளிம்புக்குக் கீழே. வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்து, ரூபாய் நாணயம் அளவுக்கு வட்டமாகத் தேயுங்கள். நடுவில் உலோகம் தெரியட்டும். வெளியே வர வர ஒவ்வொரு பூச்சும் ஒரு வளையமாக நிற்க வேண்டும். நனைத்துப் பார்த்தால் நிறம் எழும்பும். எது ப்ரைமர், எது மேல்பூச்சு என்று குறித்துவையுங்கள். பக்கத்தில் அளவுகோலையும் வண்ண அட்டையையும் வைத்துப் படம் எடுங்கள். ஒரு விஷயம்: எண்ணெய் பெயின்ட் பல வருஷம் வெளிச்சமில்லாமல் மூடிக் கிடந்தால் மஞ்சளாகிவிடும். தேய்த்த அன்றே நிறம் கலக்க ஓடாதீர்கள். சில நாள் பகல் வெளிச்சத்தில் விட்டால் மஞ்சள் குறையும், அப்புறம் ஒப்பிடுங்கள்.

இருட்டிய பிறகு டார்ச்சைப் பெட்டியின் பக்கச் சுவரோடு ஒட்டிச் சாய்த்துப் பிடித்தும் பாருங்கள். ஒருமுறை ஆரஞ்சுப் பூச்சுக்கு அடியிலிருந்து ‘பறக்கும் நத்தை’ சின்னத்தின் இறக்கை விளிம்பு மெல்ல எழும்பி வந்தது. டப்ளின் டிராம் கம்பெனியிடமிருந்து சி.ஐ.இ.க்கு வந்த சின்னம் அது, 1960களில் கைவிட்டார்கள். அன்று கொட்டகையில் ஆறு பேர் மூச்சுவிடாமல் நின்றோம்.

நீராவி இன்ஜின் என்றால் கறுப்புதான் என்று நினைப்பது

தெற்கில் பெரும்பாலானவை ஓடியது சாம்பல் நிறத்தில், கோடுகூட இல்லாமல். 1939இல் டப்ளினின் இஞ்சிகோர் ரயில் பட்டறையில் பிறந்த ‘மேவ்’ இன்ஜின் பச்சை. வடக்கே கிரேட் நார்தர்ன் ரயில் கம்பெனியின் 85ஆம் எண் ‘மெர்லின்’ வான நீலம்.

‘201’ என்று தேடிக் கிடைத்த படத்தை நம்புவது

பழைய சி வகுப்பும் 201 முதல் 234 வரை. 1994-95இல் கனடாவிலிருந்து வந்த ஜெனரல் மோட்டார்ஸ் இன்ஜின்களும் 201 முதல் 234 வரை. படம் எடுத்த வருஷத்தைப் பாருங்கள்.

ஆரஞ்சில் வெள்ளைக் கோடு

அது 1987இல் சி.ஐ.இ.யின் ரயில் பிரிவு இயர்ன்ரோட் ஏரன் என்ற தனி நிறுவனமான பிறகு வந்தது. 1975ஐக் காட்ட விரும்பினால் கோட்டை விட்டுவிடுங்கள்.

இங்கிலாந்திலிருந்து மலிவாகப் பெட்டி வாங்குவது

அங்கே பாதை 1435 மில்லிமீட்டர், இங்கே 1600. சக்கரம், அச்சு மாற்றுகிற செலவையும் சேர்த்துக் கணக்குப் போட்டுவிட்டுப் பேரம் பேசுங்கள்.

கூரை ஒழுகும்போது பக்கவாட்டுக்குப் பெயின்ட் அடிப்பது

வேண்டாம்.

உலர்ந்த பூச்சை மெஷினால் தேய்ப்பது

பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கும். நனைத்துத் தேயுங்கள், முகமூடி போடுங்கள். உள்பலகையைக் கழற்றும்போது பஞ்சு மாதிரி ஏதாவது தெரிந்தால் அஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். கையை எடுத்துவிடுங்கள், கதவைச் சாத்துங்கள், உரிமம் உள்ளவர்களைக் கூப்பிடுங்கள்.