வாரி மேலங்கியின் படிக்கட்டுக் கோலம்: ஒரு சிறு துண்டு நெய்து பழகுவோம்

கி.பி. 600 முதல் 1000 வரை பெருவின் மலைப்பகுதியில், இன்றைய அயாகூச்சோவுக்கு அருகே தலைநகர் அமைத்து வாழ்ந்தவர்கள் வாரி மக்கள். அவர்களில் பெரிய இடத்தவர் அணிந்த மேலங்கி ஏறக்குறைய ஒரு மீட்டர் சதுரம். பாவு, அதாவது சட்டத்தில் இழுத்துக் கட்டும் இழை, பருத்தி; ஊடை, அதாவது அதன் குறுக்கே கோக்கும் இழை, அல்பாகா என்ற ஒட்டக இன விலங்கின் ரோமம். ஓர் அங்கிக்குள் 10 முதல் 15 கிலோமீட்டர் நூல் போயிருக்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அத்தனை ரோமமும் சாயமும் உழைப்பும் யாருக்காகச் செலவாயின என்பது பார்த்த உடனே தெரிந்துவிடும். எல் காஸ்டியோ டெ வார்மேய் என்ற இடத்திலுள்ள வாரிக் கல்லறையில் அரசகுலப் பெண்ணுடன் பொன்னாலான நெசவுக் கருவிகளையும் வைத்துப் புதைத்திருந்தார்கள்.

அந்த அங்கிகளில் திரும்பத் திரும்ப வரும் படிக்கட்டு வடிவத்தை, உள்ளங்கை அளவில் நெய்வோம்.

சட்டமும் பாவும்

30 × 40 செ.மீ. மரச்சட்டம் போதும். மேல் கட்டையில் 16 ஆணி, கீழே 17 ஆணி, 6 மி.மீ. இடைவெளியில் அடியுங்கள். ஒரே நேர்கோட்டில் அடித்தால் கட்டை பிளந்துவிடும்; ஒன்று மேலே, ஒன்று கீழே என்று மாற்றி அடிக்க வேண்டும். முறுக்கான பருத்தி நூலைக் கீழ் முதல் ஆணியில் முடிந்து, மேலும் கீழுமாகச் சுற்றிக்கொண்டே போனால் 32 பாவு இழை கிடைக்கும். விரலால் தட்டினால் எல்லா இழையும் ஒரே மாதிரி அதிர வேண்டும். ஓர் இழை தளர்ந்தால் அந்த இடத்தில் துணி கொப்பளித்து நிற்கும்.

ஊடைக்கு நான்கு புரிக் கம்பளி நூல், சிவப்பும் மஞ்சளும். வாரிச் சாயக்காரர்கள் சிவப்பைக் கள்ளிச்செடியில் வாழும் பூச்சியிலிருந்து எடுத்தார்கள். கடை நூலே நமக்குப் போதும். மொத்தம் 10 மீட்டருக்குள் முடிந்துவிடும். மழுங்கிய முனையுள்ள இரண்டு ஊசிகளும் அடித்து இறுக்க ஒரு முள்கரண்டியும் வேண்டும்.

நூல்களைக் கோப்பது: இதுதான் உயிர்நாடி

முதலில் ஒரு செ.மீ. சிவப்பிலேயே, ஒரு பாவுக்கு மேல், அடுத்ததற்குக் கீழ் என்று நெய்து பாவைச் சீராக்குங்கள். கடைசியில் சிவப்பு நூல் இடது ஓரத்தில் நிற்கட்டும். பிறகு மஞ்சளை வலது ஓரத்தில் தொடங்குங்கள். சிவப்பு வலப்பக்கமாகவும் மஞ்சள் இடப்பக்கமாகவும் ஒன்றையொன்று நோக்கி வர வேண்டும். இடமிருந்து எண்ணி 8-ஆம், 9-ஆம் பாவுக்கு நடுவே சந்திக்கும்போது, கொக்கிபோல ஒன்றுக்குள் ஒன்றை மாட்டி, மேல்-கீழை மாற்றி, இரண்டையும் தத்தம் ஓரத்துக்கே திருப்புங்கள். இது ஒரு சுற்று.

இப்படி மாட்டாமல் திருப்பினால் நிறம் மாறும் இடமெல்லாம் நெடுக்குக் கீறலாகத் திறந்துகொள்ளும். இரு நூலும் ஒரே திசையில் போனால் கொக்கி சரியாக விழாது. பழகுபவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். கொக்கியை ஒரு பக்கமாக இழுத்துவிட்டால் எல்லைக்கோடு பல்லிளிக்கும். அது இரு பாவுக்கும் சரிநடுவில் நிற்கட்டும்.

இன்னொரு தொல்லை, ஓரம் உள்ளே ஒடுங்குவது. ஊடையை நேராக இழுக்காமல் வில்போல் வளைத்து விட்டு, பிறகு அடித்து இறக்குங்கள். அடித்தபின் பாவு கண்ணில் படவே கூடாது.

படிக்கட்டு

முதல் படிக்கு 10 சுற்று. பின்பு எல்லையை நான்கு பாவு தள்ளி 12-க்கும் 13-க்கும் நடுவே கொண்டுபோய் 8 சுற்று, 16-க்குப் பின் 6, 20-க்குப் பின் 4, 24-க்குப் பின் 3. இரு நூலும் ஓரத்தில் இருக்கும்போதுதான் எல்லையை நகர்த்த வேண்டும்.

சுற்று குறைந்துகொண்டே போவதற்குக் காரணம் உண்டு. வாரி மேலங்கிகளில் நடுவில் உள்ள உருவம் விரிந்தும், பக்கவாட்டில் போகப்போக நசுங்கியும் இருக்கும். சில அங்கிகளில் ஓரத்து முகங்கள் வெறும் பட்டைகளாகி, முகம் என்றே தெரியாது. பழகிய கண்ணுக்கு மட்டும் பிடிபடும் இந்த விளையாட்டு அந்த உடைகளின் அழகிலேயே அழகு.

எடுத்தபின்

நெய்த துண்டுக்கு மேலேயும் கீழேயும் 8 செ.மீ. பாவு விட்டு வெட்டி, இரண்டிரண்டாக முடியுங்கள். பிறகு துண்டைக் கால்வட்டம் திருப்பிப் பாருங்கள். வாரி அங்கியை அணியும்போது பாவு கிடைமட்டமாகத்தான் ஓடும். அங்கிக்கு இப்படி இரண்டு பாகம் நெய்து, கழுத்துக்கு மட்டும் இடம் விட்டு நடுவில் தைத்தார்கள். நீங்களும் எல்லையை 24-இலிருந்து 8-க்கு நகர்த்தி, அதே சுற்று எண்ணிக்கையில் இரண்டாவது துண்டு நெய்தால், இரண்டையும் 10 சுற்றுப் படி இருக்கும் ஓரத்தில் இணையுங்கள். விரிந்த படிகள் நடுவில் வரும்.