டியூஷன் ஆசிரியரிடம் பட்டத்துக்கு அடுத்துக் கேட்க வேண்டியது

கணக்குக்கும் அறிவியலுக்கும் டியூஷன் தேடும்போது எம்.எஸ்சி., பி.எட். என்ற எழுத்துகளை மட்டும் பார்த்து முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். முதல் வகுப்புக்கு, பிள்ளை தப்பாகப் போட்ட கணக்கு ஒன்றை நோட்டோடு கொண்டுபோகச் சொல்லுங்கள். (a+b)² = a²+b² என்று எழுதியிருக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். சிலர் அதை அடித்துவிட்டு, 2ab சேர்த்து நகர்ந்துவிடுவார்கள். விஷயம் தெரிந்தவர், "a-க்கு 3, b-க்கு 4 போட்டுப் பார்" என்பார். ஒரு பக்கம் 49, மறுபக்கம் 25. பிறகு ஒரு சதுரம் வரைந்து, விடுபட்ட இரண்டு செவ்வகங்களைக் காட்டுவார். அவரை விடாதீர்கள், பட்டம் எதுவானாலும் சரி.

பத்தாம் வகுப்பு வரை எல்லாவற்றையும் ஒருவரே நடத்தலாம். பிளஸ் டூவில் கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல் நான்கும் நானே என்பவரிடம், பட்டத்தில் முதன்மைப் பாடம் எது என்று கேட்டுவிடுங்கள். இயற்பியல் படித்தவர் கணக்கையும் பெரும்பாலும் சமாளிப்பார். கரிம வேதியியல் வேறு கதை. தமிழ்வழியில் படிக்கும் பிள்ளையென்றால், முடுக்கம், உந்தம் போன்ற பாடநூல் சொற்கள் அவருக்குப் பழக்கமா என்பதையும் பாருங்கள்.