முழு மீனைக் கரியில் சுடுவது எப்படி? ஒட்டாமல், உடையாமல்

முழு மீனைக் கரியடுப்பில் சுட்டுப் பார்த்தவர்களிடம் கேளுங்கள். மசாலாவைப் பற்றி யாரும் குறை சொல்ல மாட்டார்கள். தோல் முழுக்கக் கம்பியிலேயே தங்கிவிட்டது, திருப்பும்போது மீன் இரண்டாகப் போய்விட்டது என்றுதான் புலம்புவார்கள். அதனால் இங்கே மசாலாவைச் சீக்கிரம் முடித்துவிட்டு, ஈரத்தையும் சூட்டையும் பற்றித்தான் அதிகம் பேசப்போகிறேன்.

1. மீன் வாங்குதல்

முதல் தடவைக்குச் சங்கரா நல்லது. சதை கெட்டியாக இருக்கும், தோலும் தாங்கும். 600 முதல் 800 கிராம் எடையில் ஒன்று போதும், இரண்டு பேர் சாப்பிடலாம். கொடுவாவும் இதே முறைக்குச் சரிவரும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்குத் தடை இருக்கும். அப்போது சங்கரா விலை ஏறினால் பண்ணைக் கொடுவாவைப் பாருங்கள். அயிலையில் கொழுப்பு அதிகம், சீக்கிரம் காயாது, விலையும் குறைவு. கிழங்கான் மாதிரி மென்மையான மீன் இதற்கு வேண்டாம், குழம்புக்குப் போகட்டும்.

கண் பளபளப்பாகவும் செவுள் சிவப்பாகவும் இருக்கிறதா என்று பாருங்கள். விரலால் அழுத்தினால் பள்ளம் நிற்கக் கூடாது. வெட்டித் தருபவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்: "அண்ணே, துண்டு போட வேண்டாம். செதில், குடல், செவுள் மட்டும் எடுங்க, தலையும் வாலும் இருக்கட்டும்." சொல்லாவிட்டால் அவர் பழக்க தோஷத்தில் இரண்டே நொடியில் துண்டு போட்டுவிடுவார்.

2. கீறுதல், காயவைத்தல்

கழுவும்போது வயிற்றுக்குள் முதுகெலும்பை ஒட்டி இருக்கும் கருஞ்சிவப்பு ரத்தக் கோட்டை நகத்தால் சுரண்டி எடுங்கள். கவிச்சி வாடை பெரும்பாலும் அங்கிருந்துதான் வரும். பிறகு இரண்டு பக்கமும் மும்மூன்று சாய்ந்த கீறல்கள், கத்தி முள்ளைத் தொடும் ஆழத்துக்குப் போடுங்கள்.

ஒரு தேக்கரண்டி உப்பை உள்ளும் புறமும் தடவிக் கால் மணி நேரம் வையுங்கள். தோலின் மேல் முத்து முத்தாகத் தண்ணீர் கோத்து நிற்கும். அதைச் சுத்தமான துணியால் ஒற்றி எடுங்கள், கீறலுக்குள்ளும் விடாமல். இந்த ஈரம் இருந்தால் அடுப்பில் முதலில் அது ஆவியாகும். அதுவரை தோல் வேகத்தான் செய்யும், மொறுமொறுப்பாகாது. வெந்து குழைந்த தோல்தான் கம்பியில் ஒட்டும்.

3. மசாலா

மிளகாய்த்தூள் ஒன்றரை தேக்கரண்டி, மிளகுத்தூள் அரை, மஞ்சள்தூள் கால், இஞ்சி பூண்டு விழுது ஒன்று, நல்லெண்ணெய் இரண்டு மேசைக்கரண்டி. முக்கால்வாசியைக் கீறல்களுக்குள்ளும் வயிற்றிலும் அடையுங்கள், கறிவேப்பிலையும் வயிற்றுக்குள் போகட்டும். வெளித்தோலுக்கு மெல்லிய பூச்சு போதும். அப்பி வைத்தால் மீன் வேகுமுன் மசாலா கருகிக் கசக்கும். எலுமிச்சைச் சாற்றைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். புளிப்பில் நெடுநேரம் ஊறினால் சதை மாவாகிவிடும்.

4. கரி

திறந்த வெளியில் மட்டும் மூட்டுங்கள். மூடிய பால்கனியும் சமையலறையும் கூடாது. எரியும் கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது.

சூப்பர் மார்க்கெட் பாக்கெட்தான் வேண்டும் என்றில்லை. இஸ்திரிக் கடைக்காரர் வாங்கும் இடத்திலேயே மரக்கரி கிடைக்கும். ராமநாதபுரம் பக்கத்துச் சீமைக் கருவேலங் கரி நின்று எரியும். ஒன்றரை கிலோ எடுங்கள். பற்றவைக்கக் கொட்டாங்கச்சித் துண்டுகள் போதும்; மண்ணெண்ணெய் ஊற்றினால் அந்த நாற்றம் மீனில் ஏறிவிடும்.

தீ அடங்கி, கரியின் மேல் சாம்பல் பூக்க அரை மணி நேரம்கூட ஆகலாம். அதற்கு முன் மீனை வைக்காதீர்கள். பிறகு கனலை ஒரு பக்கமாக ஒதுக்குங்கள். இப்போது அடுப்பில் சூடான பாதி, மிதமான பாதி என்று இரண்டு இருக்கும். கம்பிக்கு ஒரு சாண் மேலே உள்ளங்கையைக் காட்டினால் மூன்று நான்கு நொடிகளுக்கு மேல் தாங்கக் கூடாது. அதுதான் பதம்.

5. சுடுதல்

கம்பித்தட்டை வெறுமனே ஐந்து நிமிடம் காயவிட்டு, ஒட்டியிருப்பதைச் சுரண்டுங்கள். பாதி வெங்காயத்தை முள்கரண்டியில் குத்தி, எண்ணெயில் தோய்த்துத் தேயுங்கள். ஆமாம், தோசைக்கல்லுக்குச் செய்வதேதான். இனி வருவதும் தோசைக் கணக்குதான்: கல் காயாவிட்டால் ஒட்டும், வேகுமுன் கிளப்பினால் பிய்யும்.

தடித்த தலைப்பக்கம் கனலுக்கு மேல், மெல்லிய வால் மிதமான பக்கம் இருக்கும்படி மீனை வையுங்கள். வாலில் கொஞ்சம் ஃபாயில் சுற்றலாம். வைத்தபின் ஏழெட்டு நிமிடம் அதைத் தொடாதீர்கள். நகர்த்திப் பார்க்கக் கை பரபரக்கும், தெரியும். எண்ணெய் சொட்டித் தீ எழும்பினால் மட்டும் மிதமான பக்கத்துக்கு மெதுவாகத் தள்ளுங்கள்.

ஓரத்தில் தோசைத்திருப்பியை நுழைத்து லேசாக நெம்புங்கள். தோல் தானாக விட்டுக்கொடுத்தால் திருப்பலாம். பிடித்தால் இன்னும் ஒரு நிமிடம் விடுங்கள். திருப்பும்போது மேலே தூக்காமல், அடியில் ஒரு திருப்பி, மேலே இன்னொன்று வைத்து, முதுகுப் பக்கமாக உருட்டிவிடுங்கள். ஒரே ஒரு முறைதான் திருப்ப வேண்டும். பயமாக இருந்தால் மீன் சுடும் கம்பிக்கூடு வாங்கிக்கொள்ளுங்கள், அதில் வெட்கமில்லை; அதற்கும் எண்ணெய் தடவ வேண்டும்.

மறுபக்கமும் ஏழெட்டு நிமிடம். தலைக்குப் பின்னால் உள்ள கீறலில் முள்கரண்டியை விட்டுப் பாருங்கள். சதை கண்ணாடித்தன்மை போய் வெள்ளையாகி முள்ளிலிருந்து கழன்றால் வெந்துவிட்டது. தெர்மாமீட்டர் இருந்தால் 63 டிகிரி செல்சியஸ் காட்ட வேண்டும். முள்ளருகே ரோஜா நிறம் தெரிந்தால் மிதமான பக்கத்தில் மூன்று நிமிடம் வைத்து எடுங்கள்.

6. பரிமாறுதல்

வாழையிலையில் எடுத்து ஐந்து நிமிடம் ஆறவிட்டு, அப்புறம் எலுமிச்சை பிழியுங்கள். முதுகெலும்பின் நீளத்துக்குக் கரண்டியால் ஒரு கோடு இழுத்தால் மேல் சதை இரு பக்கமும் பிரிந்து வரும். வாலைப் பிடித்து நடுமுள்ளைத் தூக்கினால் கீழ்ச் சதை அப்படியே இலையில் கிடக்கும். தலையில் கன்னத்துச் சதையைச் சமைத்தவர் எடுத்துக்கொள்ளலாம். மீன் மிஞ்சினால் முள் நீக்கி வையுங்கள், மறுநாள் சின்ன வெங்காயம் வதக்கிப் புட்டு செய்யலாம்.