சோபா வாங்கும்போது கட்டைவிரலை நம்பாதீர்கள்

போன வாரம் தெரிந்த தம்பி ஒருவன் புது சோபா வாங்கப் போகிறேன் என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனான். பழைய சோபாக்களைப் பிரித்து, குஷன் மாற்றி, திரும்பக் கட்டித் தருவது என் தொழில். கடைக்குள் நுழைந்ததும் அவன் செய்த முதல் காரியம், ஓர் இருக்கையைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்ததுதான். “செம சாஃப்டா இருக்குண்ணே!” என்றான், முகமெல்லாம் பூரிப்பு. எனக்குப் பகீரென்றது. நானும் ஒரு காலத்தில் இதே விரலை நம்பித்தான் ஏமாந்தேன்.

கதவு அகலத்தை அளந்து பாருங்கள், சுவரின் நிறத்துக்குப் பொருந்துகிறதா பாருங்கள் என்றெல்லாம் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன். பட்டறையில் சோபாவைப் பிரித்துப் போடும்போது எனக்குத் தெரிகிற தவறுகள் வேறு.

மெத்தென்று இருந்தால் நல்ல ஃபோம் என்று நினைப்பது

இத்தனை வருடம் கழித்தும் எனக்கு எரிச்சல் தருவது இதுதான். இந்தத் தொழிலுக்கு வருவதற்கு முன்பு நான் வாங்கிய முதல் சோபா, உட்கார்ந்தால் ஆளை அப்படியே உள்வாங்கிக்கொள்ளும். வருகிறவர்களை எல்லாம் உட்காரச் சொல்லிப் பெருமைப்பட்டேன். ஒரு வருடம் போனது. டிவிக்கு நேராக இருக்கும் இடத்தில் ஒரு பள்ளம் விழுந்தது. அப்புறம் யார் எங்கே உட்கார்ந்தாலும் மெதுவாக அந்தப் பள்ளத்தை நோக்கிச் சரிவார்கள். அப்பா எழுந்திருக்க வேண்டுமென்றால் ஒரு கை கைப்பிடியில், இன்னொரு கை என் தோளில்.

ஆத்திரத்தில் ஒருநாள் உறையின் ஜிப்பைத் திறந்து ஃபோமை உருவி எடுத்தேன். அவ்வளவு பெரிய துண்டு, கையில் கனமே தெரியவில்லை. விஷயம் அந்தக் கனத்தில்தான் இருக்கிறது என்று பிற்பாடு தொழில் கற்றுக்கொடுத்தவர் சொல்லித்தான் புரிந்தது.

ஃபோமுக்கு இரண்டு தனித்தனி குணங்கள். எவ்வளவு அழுத்தினால் எவ்வளவு அமுங்கும் என்பது ஒன்று. விரல் சொல்வது இதை மட்டும்தான். ஒரு கன மீட்டர் ஃபோம் எத்தனை கிலோ இருக்கும் என்பது இன்னொன்று, அதுதான் டென்சிட்டி. 40 டென்சிட்டி என்றால் ஒரு கன மீட்டர் 40 கிலோ. இந்த 40-ஐ மெத்தென்றும் செய்யலாம், விறைப்பாகவும் செய்யலாம். 20 டென்சிட்டியையும் அப்படித்தான். ஆனால் ஃபோம் என்பது ஏராளமான நுண்ணிய அறைகளின் கூட்டம். அந்த அறைகளைத் தாங்கும் நரம்புகளில் சரக்கு குறைவாக இருந்தால், ஒவ்வொரு தடவை உட்காரும்போதும் கொஞ்சம் களைத்துப்போகும். ஒரு கட்டத்துக்கு மேல் பழைய உயரத்துக்குத் திரும்பாது. கடையில் இது தெரியவே தெரியாது. புது ஃபோம் எல்லாமே எழுந்து நிற்கும்.

வீட்டுத் தராசை வைத்தே சோதிக்கலாம். 60 செ.மீ. நீளம், 60 செ.மீ. அகலம், 15 செ.மீ. உயரமுள்ள துண்டு 0.054 கன மீட்டர். 40 டென்சிட்டி என்றால் அது 2 கிலோ 160 கிராம் இருக்க வேண்டும். 24 என்றால் சுமார் 1 கிலோ 300 கிராம். என்னுடைய அந்த அருமைச் சோபாவின் துண்டு 1 கிலோ 100 கிராமைத் தாண்டவில்லை. கணக்குப் போட்டால் 20 டென்சிட்டி! முதுகுச் சாய்மானத்துக்கு வைக்கலாம். இருக்கைக்கு வைத்தால் அது ஃபோமின் மீதும் தப்பு, உட்காருகிறவன் மீதும் தப்பு.

தினமும் உட்காரும் இருக்கைக்கு 32-க்குக் கீழே நான் போவதில்லை. முடிந்தால் 40. மெத்தென்றுதான் வேண்டும் என்கிறவர்களுக்கு, கீழே அடர்த்தியான ஃபோம் வைத்து மேலே மெல்லிசாக ஒரு மென்மையான அடுக்கு போட்டுத் தருகிறேன். விரலுக்கும் சந்தோஷம், இடுப்புக்கும் சந்தோஷம்.

ஆனால் கனத்தை மட்டும் பார்த்தும் ஏமாறலாம். ரீபாண்டட் என்று ஒன்று உண்டு. வெட்டி மிஞ்சிய ஃபோம் துணுக்குகளைப் பசை சேர்த்து அழுத்திச் செய்வது. பல நிறப் புள்ளிகளோடு இருக்கும், நல்ல கனம், பலகை மாதிரி விறைப்பு. அடி அடுக்காக வைத்தால் பரவாயில்லை. அதன்மேல் நேராக உட்கார வைத்தால் பெஞ்சில் உட்கார்ந்த மாதிரிதான். ஜிப்பைத் திறந்து எட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

சரி, தம்பி கதைக்கு வருகிறேன். ஃபோம் எப்படி என்று கடைக்காரரிடம் கேட்டோம்.
“ஹை டென்சிட்டி சார்.”
“எத்தனை?”
“நல்ல ஹை சார்.”
எண்ணைச் சொல்லுங்கள் என்று நின்றதும் யாருக்கோ போன் போட்டார். 23 என்று பதில் வந்தது. எண்ணைக் கேளுங்கள், அதை பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் கிளம்பிவிடுங்கள்.

ஜிப் இல்லாத இருக்கை

ஃபோம் மாற்ற மொத்தத் துணியையும் பிரிக்க வேண்டும். வேண்டாம்.

சோபாவைத் தூக்கிப் பார்க்க வெட்கப்படுவது

முன்பக்க மூலை ஒன்றைப் பிடித்து ஒரு சாண் உயரம் தூக்குங்கள். அதற்குள் முன்பக்கத்தின் அடுத்த காலும் தரையை விட்டு எழ வேண்டும். எழாமல் சட்டம் முறுக்கிக்கொண்டு நின்றால் மூட்டுகளில் வலு இல்லை. அப்படியே அடியில் கையை விட்டுப் பாருங்கள். கால்களைத் திருகிய இடத்தில் கெட்டி மரமோ நல்ல பிளைவுட்டோ இருக்க வேண்டும். மரத்தூள் பலகை என்றால், நாலு தடவை இழுத்துத் தள்ளினாலே ஓட்டை பெரிதாகி ஸ்குரூ ஆட ஆரம்பிக்கும். அதே ஓட்டையில் திரும்ப எவ்வளவு இறுக்கினாலும் பிடிக்காது. பார்ப்பவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும்.

ஆழத்தைப் பார்க்காமல் நீளத்தை மட்டும் பார்ப்பது

மூன்று பேர் உட்காரலாமா என்று கேட்கிறோம், எப்படி உட்காருவோம் என்று கேட்பதில்லை. முதுகு சாய்மானத்தில் படும்படி உட்காருங்கள். பாதம் முழுக்கத் தரையில் படிய வேண்டும், முழங்காலுக்குப் பின்னால் இரண்டு மூன்று விரல் இடைவெளி வேண்டும். 60 செ.மீ.க்கு மேல் ஆழம் போனால் குள்ளமானவர்கள் காலைத் தொங்கப்போட வேண்டும், இல்லாவிட்டால் முதுகுக்கு ஒரு தலையணை தேட வேண்டும். வீட்டில் யாருக்கு எழுந்திருப்பது சிரமமோ அவரை அழைத்துப் போய் உட்கார வையுங்கள். இருக்கை உயரம் 45 செ.மீ. பக்கம் இருந்தால் அவருக்கு நல்லது. ஐந்து நிமிடத்தில் எழுந்துவிடாதீர்கள்.

‘லெதர்’ என்ற சொல்லை நம்புவது

பாண்டட் லெதர் என்பது தோல் துணுக்குகளை அரைத்து, துணியில் ஒட்டி, மேலே பிளாஸ்டிக் பூச்சு பூசியது. அந்தப் பூச்சு உரிய ஆரம்பித்தால் என்னிடம் கொண்டுவராதீர்கள், என்னால் ஒன்றும் செய்ய முடியாது. தோலா துணியா என்று யோசித்துக் குழம்புவதைவிட நெருக்கமாக நெய்த துணியை எடுப்பது மேல்.

எல் வடிவ சோபாவில் எந்தப் பக்கம்

வலது என்றால் உட்காருகிறவரின் வலதா, எதிரில் நின்று பார்க்கிறவரின் வலதா? கேட்டு, படம் வரைந்து கொடுங்கள்.

மிச்சத் துணி கேட்காதது

சொல்லிச் செய்கிற சோபா என்றால், அதே துணியில் ஒரு மீட்டர் கூடுதலாகக் கேட்டு வாங்கி வையுங்கள். பூனை கீறிய ஒரு கைப்பிடியை மட்டும் மாற்றித் தரச் சொல்லி ஒருவர் வந்தார். அதே கம்பெனி, அதே நம்பர் துணியைத்தான் வாங்கிக்கொண்டு வந்தார். சாயம் போட்ட தொகுதி வேறு போல, பழைய துணியின் பக்கத்தில் வைத்தால் ஒரு சாயல் மங்கல். கைப்பிடியை மாற்றினேன். மறுவாரம் இரண்டாவது கைப்பிடியையும் மாற்றச் சொன்னார். அதற்கு அடுத்த மாதம் முழு சோபாவும் என் பட்டறைக்கு வந்து சேர்ந்தது.