கை மரத்துப்போகிறதா? இந்தத் தவறுகள் வேண்டாம்

நடு ராத்திரியில் கை மரத்துப்போய் விழிப்பு வருகிறது. எழுந்து உட்கார்ந்து நாலு உதறு உதறினால் சரியாகிவிடுகிறது. 'கையை அமுக்கிப் படுத்திருப்பேன், ரத்த ஓட்டம் நின்றிருக்கும்' என்று மறுபடி தூங்கிவிடுகிறோம். என்றோ ஒரு நாள் என்றால் சரி. வாரக்கணக்கில் அதே விரல்கள் மரத்துப்போனால் சிக்கல் பெரும்பாலும் ரத்த ஓட்டத்தில் இல்லை, நரம்பில்.

மணிக்கட்டுக்குள் ஒரு குறுகலான வழி இருக்கிறது. கீழே எலும்பு, மேலே தடித்த நார்ப்பட்டை. விரல்களை மடக்கும் 9 தசைநாண்களும் மீடியன் நரம்பும் அதற்குள் நெருக்கியடித்துப் போகின்றன. உள்ளே லேசாக வீங்கினாலே நரம்பு நசுங்கும். இதுதான் கார்பல் டன்னல் சின்ட்ரோம். தூக்கத்தில் மணிக்கட்டு மடங்கிக் கிடப்பதால் அழுத்தம் இன்னும் கூடுகிறது.

டாக்டரிடம் போய் "கையெல்லாம் மரத்துப்போகுது" என்று மொத்தமாகச் சொல்லாதீர்கள். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி: இதுதான் மீடியன் நரம்பின் எல்லை. சுண்டுவிரல் மரத்தால் வேறு நரம்பைச் சந்தேகிப்பார்கள். கழுத்திலிருந்து வலி இறங்கினால் தேடும் இடமே மாறும். எந்த விரல், எந்த நேரம் என்று கவனித்துச் சொன்னால் பாதி வேலை முடிந்தது.

பழி முழுவதையும் கம்ப்யூட்டர் மேல் போடுவதும் தவறு. கீபோர்டுக்கு எதிரான ஆதாரம் அவ்வளவு வலுவாக இல்லை. அதிரும் இயந்திரத்தைப் பிடித்து வேலை செய்வதும், மணிக்கட்டை மடக்கியபடி திரும்பத் திரும்ப அழுத்திப் பிடிப்பதும்தான் அதிகம் கெடுக்கின்றன. சர்க்கரை நோய், தைராய்டு குறைவு, முடக்குவாதம், உடல் பருமன், கர்ப்பகால நீர்க்கோப்பு இவையும் காரணமாகலாம். மௌஸை மாற்றிவிட்டு ரத்தப் பரிசோதனையை விட்டுவிட்டால் என்ன பயன்?

அப்புறம் இந்த 'நரம்பு மாத்திரை'. மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கி மாதக்கணக்கில் விழுங்குகிறோம். அதில் இருக்கும் பி6 வைட்டமின், அளவு மீறி நாள்பட உள்ளே போனால் அதுவே நரம்பைக் கெடுத்து மரத்துப்போக வைக்கும். எந்த வியாதிக்குச் சாப்பிட்டோமோ அதையே விலைக்கு வாங்கிய கதை!

மணிக்கட்டு மடங்காமல் தாங்கிப் பிடிக்கும் ஸ்பிளின்ட் பட்டையைப் பலர் பகலில் மாட்டிக்கொண்டு ராத்திரி கழற்றி வைக்கிறார்கள். அது முக்கியமாக வேண்டியது தூங்கும்போதுதான். மணிக்கட்டு நேராக இருக்க வேண்டும். இறுக்கிக் கட்டக் கூடாது. நான்கு நாளில் கைவிடாமல் ஆறு வாரமாவது போட்டுப் பார்க்க வேண்டும்.

எல்லாவற்றிலும் மோசமான தவறு, வலி குறைந்ததும் குணமாகிவிட்டது என்று நினைப்பது. நரம்பு செத்துக்கொண்டிருந்தாலும் வலி அடங்கும். சட்டைப் பொத்தான் போட முடியவில்லை, டம்ளர் நழுவுகிறது, கட்டைவிரலின் அடிச் சதை வற்றித் தட்டையாகிறது என்றால் ஏற்கெனவே தாமதம். அதற்குப் பிறகு ஆபரேஷன் செய்தாலும் பழைய பலம் முழுசாகத் திரும்பும் என்று சொல்ல முடியாது.

ஆபரேஷன் என்றதும் 'நரம்பை வெட்டுவார்கள்' என்று பயப்படுபவர்கள் உண்டு. வெட்டுவது மேலே இருக்கும் நார்ப்பட்டையை. பெரும்பாலும் கையை மட்டும் மரக்கவைத்துச் செய்து, அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ராத்திரி விழிப்பு சீக்கிரம் நிற்கும். பிடிமானம் திரும்பச் சில மாதங்கள் ஆகும்.