தூரத்துச் சந்தையைப் பிடிக்கப் போகும் நாடுகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறிய பிரிட்டன், தன் வணிகக் கொள்கையை இந்தோ-பசிபிக் பக்கம் திருப்பியது. ஜப்பான், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து என்று வரிசையாக ஒப்பந்தம் போட்டது. 2024 டிசம்பர் 15 முதல் சிபிடிபிபி என்ற பசிபிக் வணிக உடன்பாட்டிலும் அது இருக்கிறது. இதே வழியில் போக நினைக்கும் எந்த நாடும், பிரிட்டன் எங்கெல்லாம் சறுக்கியது என்று முதலில் பார்த்துக்கொள்வது நல்லது.

பெரிய தவறு, தனக்குத்தானே கெடு வைத்துக்கொண்டது. 2021 ஜூனில் பிரிட்டனின் கார்ன்வாலில் ஜி7 என்ற பணக்கார நாடுகளின் மாநாடு. அதற்குள் ஆஸ்திரேலியாவுடன் அடிப்படை விஷயங்களைப் பேசி முடித்துவிட வேண்டும் என்று அன்றைய வணிக அமைச்சர் லிஸ் டிரஸ் இலக்கு வைத்தார். அவசரம் யாருக்கு என்று தெரிந்துவிட்டால் எதிராளி ஏன் இறங்கி வரப்போகிறார்? முதல் ஆண்டிலேயே 35,000 டன் ஆஸ்திரேலிய மாட்டிறைச்சி வரியில்லாமல் வரலாம், பத்தாம் ஆண்டில் 1,10,000 டன் வரை வரலாம் என்று முடிந்தது. ஆட்டிறைச்சிக்குத் தனி ஒதுக்கீடு. உள்ளூர்க் கால்நடை விவசாயிகள் கொதித்துப் போனார்கள். அப்போது வேளாண் துறையைக் கவனித்த அமைச்சர் ஜார்ஜ் யூஸ்டிஸ், பதவியை விட்டு விலகிய பிறகு 2022 நவம்பரில் நாடாளுமன்றத்திலேயே, இது பிரிட்டனுக்கு அப்படியொன்றும் நல்ல ஒப்பந்தம் இல்லை என்று போட்டு உடைத்தார். பதவியில் இருந்தபோதே சொல்லியிருக்கலாம். சரி, அது வேறு கதை.

அடுத்தது, பக்கத்துச் சந்தையில் விட்டதைத் தூரத்தில் பிடித்துவிடலாம் என்ற கணக்கு. சிபிடிபிபியால் நீண்ட காலத்தில் பொருளாதாரம் 0.08% வளரும் என்பது பிரிட்டிஷ் அரசே போட்ட மதிப்பீடு. பிரெக்சிட்டால், அதாவது ஒன்றியத்தை விட்டு வெளியேறியதால், உற்பத்தித் திறன் 4% குறையும் என்பது அந்நாட்டின் பட்ஜெட் பொறுப்பு அலுவலகத்தின் கணிப்பு. அதிலும், சிபிடிபிபியில் அப்போதிருந்த 11 உறுப்பு நாடுகளில் ஒன்பதுடன் ஏற்கெனவே ஒப்பந்தம் இருந்தது. பிரிட்டனுக்குப் புதிதாகக் கிடைத்த ஒப்பந்த நாடுகள் மலேசியாவும் புருனேயும்தான்.

வரி பூஜ்ஜியம் என்ற அறிவிப்பை மட்டும் பார்த்து மயங்குவதும் தவறு. சலுகை வேண்டுமானால் சரக்கு உறுப்பு நாடுகளில் உருவானது என்று காட்ட வேண்டும். இங்கிலாந்தில் தயாராகும் காரில் ஜெர்மன் கியர்பாக்ஸ் இருந்தால், சிபிடிபிபி விதிப்படி அது வெளிநாட்டுப் பாகம். பிரிட்டன்-ஜப்பான் தனி ஒப்பந்தத்திலோ ஐரோப்பியப் பாகங்களையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். ஆகவே ஒரே கார், ஒரே ஜப்பான், இரண்டு வேறு விதிகள். எந்த ஒப்பந்தத்தின் கீழ் அனுப்புவது என்று சிறிய ஏற்றுமதியாளருக்கு யாராவது உட்கார்ந்து சொல்லித் தர வேண்டும். அதற்கு ஆளும் பணமும் ஒதுக்காவிட்டால் சலுகை காகிதத்தோடு நின்றுவிடும்.

அப்புறம், கையெழுத்தானதும் வேலை முடிந்தது என்று நினைப்பது. சிபிடிபிபியில் சேர பிரிட்டன் கையெழுத்திட்டது 2023 ஜூலையில், நியூசிலாந்தின் ஆக்லாந்தில். உடன்பாடு பிரிட்டனுக்கு அமலுக்கு வந்த நாளில்கூடக் கனடாவும் மெக்சிகோவும் அது சேர்வதற்கு ஒப்புதல் தந்திருக்கவில்லை. கனடாவுடனான தனிப் பேச்சும் சீஸ், ஹார்மோன் ஏற்றிய மாட்டிறைச்சித் தகராறில் 2024 ஜனவரியிலேயே நின்றுபோயிருந்தது.