மேக்னடைஸ்: ஒரு ஊசியை வைத்துப் புரிந்துகொள்வது

என்னிடம் டியூஷனுக்கு வரும் பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் மொழிபெயர்ப்புப் பயிற்சியில் ‘பாடகி கூட்டத்தைக் காந்தமாக்கினார்’ என்று எழுதியிருந்தான். மேக்னடைஸ் (magnetize) என்ற ஆங்கில வினைக்கு அகராதியில் முதலில் இருந்ததைப் போட்டிருக்கிறான். அடித்துத் திருத்தும் முன் தையல் டப்பாவிலிருந்து ஓர் ஊசியை எடுத்து வந்தேன்.

நீங்களும் செய்யலாம். ஊசியை மேசையில் விரலால் அழுத்திப் பிடியுங்கள். சட்டக்காந்தத்தின் வடமுனையை ஊசிக் காதில் வைத்து நுனிவரை இழுங்கள். நுனி வந்ததும் காந்தத்தை நன்றாகத் தூக்கி, மேலாகவே கொண்டுவந்து மறுபடி காதில் வையுங்கள். 30, 40 தடவை, ஒரே திசையில். முன்னும் பின்னும் தேய்த்தால் ஏறியது இறங்கிவிடும். பிறகு கண்ணாடிக் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி, சின்ன இலையை மிதக்கவிட்டு அதன்மேல் ஊசியை வையுங்கள். மெல்லத் திரும்பி, நுனி தெற்கே பார்த்து நிற்கும்.

பையன் கிண்ணத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. “இப்ப மேக்னடைஸ் ஆனது ரெண்டு. ஊசி ஒண்ணு, நீ ஒண்ணு” என்றேன்.

வித்தியாசம் செயப்படுபொருளில் இருக்கிறது. ஊசி, ஸ்க்ரூடிரைவர் என்றால் அந்தப் பொருளே காந்தமாகிவிடுகிறது. அடுத்த குண்டூசியை அது இழுக்கும். அங்கே ‘காந்தமேற்று’ சரி. கூட்டம், கண், மனசு என்றால் சக்தி எழுவாயிடமே இருக்கிறது, இவர்கள் இழுபடுகிறார்கள். அங்கே கட்டிப்போட்டார், சொக்கவைத்தார், கவர்ந்திழுத்தார் என்று நம் வினைகளைத் தேடுங்கள். லேசாகப் பிடித்துப்போனதற்கெல்லாம் மேக்னடைஸ் என்ற சொல் அதிகம்.

19ஆம் நூற்றாண்டு ஆங்கிலப் புத்தகங்களில் இன்னொரு பொருளும் வரும்: கண்ணாலும் கையசைவாலும் ஆளை மயங்கவைப்பது. உடம்பில் ஒரு காந்த சக்தி ஓடுகிறது என்று சொன்ன வைத்தியர் மெஸ்மர் வழியாக வந்தது அது. 1784இல் பாரிஸில் பெஞ்சமின் ஃபிராங்க்ளினும் இருந்த குழு சோதித்து, அப்படி ஒரு சக்தி இல்லை என்றது. சொல்லின் பொருள் மட்டும் பழைய கதைகளில் தங்கிவிட்டது.

ஆங்கிலச் சொல் கிரேக்கத்து மக்னீசியா என்ற ஊர்ப்பெயரிலிருந்து வந்ததாகச் சொல்வார்கள். நம்முடைய ‘காந்தம்’ வடமொழியில் விரும்பப்படுவது. அயஸ்காந்தம் இரும்புக்குப் பிரியமானது. எனக்கு இதில் தனிப் பிரியம் உண்டு. மனசு இழுபடுவது நம் சொல்லில் முதலிலேயே இருக்கிறது.

‘பாடகி கூட்டத்தைச் சொக்கவைத்தார்’ என்று மாற்றி எழுதிவிட்டு, ஊசியைக் கேட்டான். “அடிக்கடி கீழே போடாதே, அடுப்பில் காட்டாதே, காந்தம் போயிடும்” என்று காகிதத்தில் மடித்துக் கொடுத்தேன்.